ரசிகனின் இரண்டு அபிப்பிராயங்கள்

1

1978 ஜனவரியில் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வெளிவந்தது. அகிலனின் 'கயல்விழி' நாவலை ஒட்டி எடுக்கப்பட்டது, எம்.ஜி.ஆரே இயக்கியது, அவர் கதாநாயகனாக நடித்து அவர் வாழ்நாளில் வெளிவந்த கடைசிப் படம். அதற்கு முந்திய ஜூனிலேயே அவர் முதலமைச்சராகியிருந்தார். வயது அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. படப்பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. வந்த அன்று முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டத்தில் எங்கள் தெருத் தையற்காரரும் இருந்தார். அடுத்த காட்சிக்குத் தரை டிக்கெட் வரிசையில் நின்ற பையன்களில் நான் ஒருவன்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"பிரமாதம்டா. வாத்தியார் தூள் கிளப்பிட்டாரு" என்றார். சட்டை முழுக்க வியர்வை. குரல் கட்டியிருந்தது. வரிசை ஆரவாரம் செய்தது.

அன்றிரவு அவர் கடைக்குக் கொடுத்திருந்த பள்ளிக்கூடச் சட்டையை வாங்கிவரப் போனேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, காஜா எடுத்துக்கொண்டிருந்த தம் கூட்டாளியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முன்ன மாதிரி இல்லப்பா. களைச்சுத் தெரியுறாரு. இத்தோட நிறுத்திக்கிட்டதும் நல்லதுதான்."

ஒரே நாளில், ஒரே படத்தைப் பற்றி, ஒரே மனிதரிடமிருந்து இரண்டு அபிப்பிராயங்கள். எது அவருடையது? இரவு சொன்னதுதான் உண்மை, வாசலில் சொன்னது பொய் என்று விடை சொல்லிவிடலாம். வெகுகாலம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சினிமா ரசிகனைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. அந்த நிச்சயம் எங்கே தளர்ந்தது என்பதைச் சொல்லிப் பார்க்கும் முயற்சிதான் இது.

2

'ரசிகன்' என்ற சொல்லின் வீழ்ச்சி பற்றி நம்மவர்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள். ரசத்தை அறிபவன் ரசிகன். அபிநவகுப்தர் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளின் சந்திப்பில் சஹிருதயன் என்று யாரைச் சொன்னாரோ, காவியப் பயிற்சியால் மனம் கண்ணாடிபோலத் துலங்கியவனை, அவனுக்கு உறவுக்காரன் இந்த ரசிகன். சங்கீத சபைகளில் அந்த அர்த்தம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சினிமாவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'மன்றம்' வந்து ஒட்டிக்கொண்டது. ரசம் போய் விசுவாசம் வந்தது என்பது நம் குற்றச்சாட்டு. கண்ணாடி இருந்த இடத்தில் கொடி.

இதற்கு மேல் நம் பத்திரிகைகளில் ரசிகனைப் பற்றி இரண்டு பார்வைகள்தான் உண்டு. ஒன்று ஏளனம்: கட்அவுட்டுக்குச் சூடம் கொளுத்துகிறவனுக்கு அபிப்பிராயம் ஏது? மற்றது பரிவு: அவன் ஏமாற்றப்பட்டவன். இரண்டாவதற்கு ஆய்வாளர்களின் பலமும் கிடைத்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' என்ற நூல், ஏழைகளுக்குப் பெரிதாக நன்மை செய்யாத ஓர் ஆட்சி ஏழைகளின் அன்பை இழக்காமல் இருந்தது எப்படி என்று கேட்டு, திரையில் கட்டப்பட்ட பிம்பத்தில் விடை தேடியது. கூர்மையான கேள்வி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏளனம், பரிவு இரண்டுமே ஒன்றை முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிடுகின்றன: ரசிகன் பார்ப்பதில்லை, அவனுக்குக் காட்டப்படுகிறது. தையற்காரரின் இரவு வாக்கியம் எனக்குள் இடறுவது இங்கேதான். அவர் பார்த்திருந்தார். என்னைவிட, அன்று அரங்கிலிருந்த எவரையும்விட நுட்பமாகப் பார்த்திருந்தார். களைப்பு என்று அவர் சொன்னது எனக்குத் தெரியவேயில்லை. பதின்மூன்று வயதில் வாள் தெரிந்தது, குதிரை தெரிந்தது. அவருக்கு அவற்றின் பின்னாலிருந்த அறுபது வயது உடம்பு தெரிந்தது. இருபது வருஷமாக அந்த உடம்பைப் பார்த்து வந்தவருக்குத்தான் அது தெரியும்.

3

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், உண்மையான விமர்சகனுக்கு வேண்டியவை ஐந்து என்றார்: திடமான அறிவு, நுட்பமான உணர்வு, பயிற்சி, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், பக்கச்சார்பற்ற மனம். நுட்பமான உணர்வை விளக்க, 'டான் கிஹோட்டே'யில் சாங்கோ பான்சா சொல்லும் கதையை எடுத்துக்கொள்கிறார். சாங்கோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்தார்கள். நல்ல மதுதான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்றார் ஒருவர். நல்லதுதான், இரும்பு ருசி தெரிகிறது என்றார் மற்றவர். எல்லோரும் சிரித்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு பழைய சாவி கிடந்தது.

தையற்காரரை இந்த ஐந்தில் நிறுத்திப் பார்க்கலாம். பயிற்சி: ஒரே படத்தை இருபது தடவை பார்த்தவர், நம்மில் எத்தனை பேர் ஒரு கவிதைத் தொகுப்பை இருபது தடவை படித்திருக்கிறோம்? ஒப்பீடு: எந்தப் படத்தின் எந்தச் சண்டையில் கை எப்படி விழுந்தது என்று சொல்லக்கூடியவர். நுட்பம்: பீப்பாயின் அடியிலிருந்த சாவியை ருசித்தவர். அறிவுக்கும் குறைவில்லை, துணியை வெட்டுகிற மனிதர், அளவு தப்பினால் கூலி போகும். ஐந்தில் நான்கு தேறுகிறார். ஐந்தாவது, பக்கச்சார்பின்மை, அவரிடம் இல்லை. ஹ்யூம் அவரை அங்கேயே நிறுத்திவிடுவார்.

கான்ட் வேறோர் இடத்தில் நிறுத்துவார். 1790இல் அவர் 'இனியது' 'அழகியது' என்று இரண்டைப் பிரித்தார். ஒரு மது இனிக்கிறது என்றால் 'எனக்கு இனிக்கிறது' என்றுதான் அர்த்தம். அதில் சண்டைக்கு இடமில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லும்போது, எல்லோரும் அதை ஒப்பவேண்டும் என்று கேட்கிறோம். ஒப்பாதவனிடம் ஏதோ குறைகிறது என்று நினைக்கிறோம். இந்த வகையில் பார்த்தால் சண்டைக்காரனான சினிமா ரசிகன்தான் அழகியல் தீர்ப்பின் வடிவத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறான். 'எனக்குப் பிடித்தது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்' என்ற நாகரிகம் நமக்கு உரியது. அவனுக்கு அது தெரியாது. டீக்கடையில் சட்டையைப் பிடிக்கிறான் என்றால், தன் தீர்ப்பு எல்லோருக்கும் உரியது என்று நம்புகிறான் என்று பொருள். ஆனால் கான்ட் இன்னொன்றும் கேட்கிறார். அந்தத் தீர்ப்பில் சுய அக்கறை கலந்திருக்கக் கூடாது. தம் தலைவரின் வெற்றி தம்முடைய வெற்றியும் ஆகிவிட்ட ஒருவரிடம் அக்கறையற்ற பார்வையை எதிர்பார்க்க முடியாது.

ஆக, இரண்டு தத்துவவாதிகளும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே கதவைச் சாத்துகிறார்கள். நேசிக்கிறவன் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். எனக்கு இங்கே ஒரு தயக்கம். சாவியை ருசித்த நாக்கு அந்த நேசத்தில்தானே பழகியது? பக்கச்சார்பு இல்லாதவன் இருபது தடவை பார்ப்பானா? ஐந்தாவது தகுதியின்மையிலிருந்துதான் முதல் நான்கும் கிடைக்கின்றன என்றால், ஹ்யூமின் பட்டியலில் ஏதோ சரியில்லை.

4

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பழைய குரலாகத் திரும்பவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் 'காவல்காரன்' வந்தபோது அவர் அந்தச் சிதைந்த குரலிலேயே பேசினார். ஒரு நடிகனின் குரல் போய்விட்டால் தொழில் போய்விடும் என்பது பொது அறிவு. ரசிகன் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டான். அது உடைந்த குரல் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பழைய குரலின் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் மனப்பாடமாக இருந்தவனுக்கு, எங்கே எழுத்து குழறுகிறது, எங்கே மூச்சு தடுக்கிறது என்பதெல்லாம் மற்றவர்களைவிட அதிகமாகவே கேட்டிருக்கும். இரும்பை ருசித்தபின் மதுவைக் குடித்தான்.

இதற்காக அவனைச் சொன்னதைக் கேட்கிற அடிமை என்று சொல்லிவிட முடியாது. 1962இல் 'பாசம்' படத்தின் முடிவில் எம்.ஜி.ஆர். இறந்தார். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. அதற்கு முந்திய வருஷம்தான் 'பாசமலர்' படத்தின் முடிவில் சிவாஜி கணேசன் இறந்தார். தமிழ்நாடே அழுதுகொண்டு மறுபடியும் மறுபடியும் பார்த்தது. 'மதுரை வீரன்' 1956இல் எம்.ஜி.ஆரும் இறந்த படம்தானே, அது ஓடியதே என்று கேட்கலாம். அது தெய்வமான ஒருவனின் கதை. அங்கே சாவுக்குப் பிறகு கோயில் இருக்கிறது. 'பாச'த்தில் சாவுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

இந்த வித்தியாசத்தை ரசனையின் வித்தியாசமாக மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு ரசிகர்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவாஜியின் ரசிகனிடம் கேட்கப்பட்ட கேள்வி: எப்படி நடித்தார்? 1954இல் 'அந்த நாள்' படத்தில் சிவாஜி தேசத்துரோகியாக வந்தார். அதற்கு முந்திய வருஷம் 'திரும்பிப் பார்' படத்தில் பெண்களைக் கெடுப்பவனாக வந்தார். கெட்டவனாக வந்தாலும் 'நன்றாக' என்று சொல்ல அந்த ரசிகன் ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டான். மனிதனையும் வேஷத்தையும் பிரிப்பது அவனுடைய பாடத்தின் முதல் பக்கம். எம்.ஜி.ஆரின் ரசிகனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவேயில்லை. அவனிடம் கேட்கப்பட்டது: இவரை நம்புகிறாயா? திரையில் குடிக்காதவர், புகைக்காதவர், தாயைத் தாண்டாதவர். வேஷம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. அப்படிப்பட்டவர் வெறுமனே செத்துப்போனால் அது நடிப்பு விஷயம் ஆகாது, வாக்குத் தவறியது ஆகும். குரல் உடைந்தால் அது விபத்து. விபத்து யாருக்கும் வரும். நம்பிக்கைக்கு அதனால் பங்கமில்லை.

தேர்தல் முடிவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றைக் கலைத்தீர்ப்பாகப் படிப்பது ஆபத்து. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1989 சட்டமன்றத் தேர்தலில் சிவாஜி தாமே தொடங்கிய கட்சியின் சார்பில் திருவையாற்றில் நின்று தோற்றார். தமிழின் மகா நடிகர் என்று அவரைச் சொல்ல ஒருவரும் தயங்கியதில்லை. 'மகா நடிகர்' என்ற அந்தத் தீர்ப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்து வைத்திருந்த தீர்ப்பு. நவீன விமர்சனம் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: படைப்பைப் பார், படைத்தவனைப் பார்க்காதே. சிவாஜியின் ரசிகனை நாம் ஒருபோதும் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் நம்முடைய கோட்பாட்டை நமக்கு முன்னாலேயே கைக்கொண்டவன் அவன்.

எம்.ஜி.ஆரின் ரசிகன் கைக்கொண்டது அதற்கு நேர்மாறு. அதற்கு அவன் கொடுத்த விலையைப் பாண்டியன் கணக்குப் பார்த்துவிட்டார். அந்தக் கணக்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ஒரு மீதி நிற்கிறது: ஒரு மனிதனின் குறையை முழுக்க அறிந்து, அறிந்ததைக் கொண்டே அவனை விடாமலிருப்பது. இதற்கு விமர்சன மொழியில் பெயர் இல்லை. குடும்பத்தில் இருக்கிறது.

5

தொலைக்காட்சி வந்தபின் அந்த வாசலே இல்லாமல் போயிற்று.

1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை ஒளிபரப்பியது. வடக்கே பல வீடுகளில் குளித்துவிட்டு வந்து, பெட்டிக்கு மாலை போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அங்கே 'எப்படி இருந்தது?' என்று யாரும் யாரையும் கேட்டிருக்க முடியாது. கேள்வியே அபசாரம். ரசிகனின் விசுவாசத்தை நாம் பக்தி என்று சொல்வதுண்டு. நிஜமான பக்திக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பலவீனமான பக்தி என்று தெரிகிறது. தையற்காரரிடம் எப்படி இருக்கு என்று கேட்க முடிந்தது. அவர் பதில் சொன்னார். பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தமே அவருக்குள் இரண்டு பதில்களை உண்டாக்கியது.

இன்னோர் உதாரணம். கமல்ஹாசன் நடித்த 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டர்களில் தோற்றது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு, மெல்ல மெல்ல எல்லோருக்கும் பிரியமான படமாயிற்று. வீட்டுக் கூடத்தில், யாருக்கும் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லாமல், கூட்டத்தின் ஆரவாரமோ அதன் மௌனமோ குறுக்கிடாமல் பார்த்த கண்கள் அதைக் கண்டுகொண்டன. கான்ட் கேட்ட அக்கறையற்ற பார்வை நமக்குக் கிடைத்தது தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால்தான் என்பது விநோதம். ஆனாலும் அந்தக் காலதாமதமான அன்பில் எனக்கு ஒரு குறை படுகிறது. அது எதையும் பணயம் வைக்கவில்லை. டிக்கெட் வாங்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை, பிடித்திருக்கிறது என்று சொல்லி அடி வாங்கவில்லை. தோற்றுக்கொண்டிருந்த வாரத்தில் தியேட்டர் வாசலில் நின்று 'நல்ல படம்' என்று சொன்ன சிலர் இருந்திருப்பார்கள். வார்த்தை ஒன்றுதான். எடை வேறு.

இப்போது வாசல் திரும்பி வந்திருக்கிறது, மைக்கோடு. முதல் காட்சி விட்டதும் முகத்துக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். எப்படி இருக்கு? அதே கேள்வி. பதில் சில நிமிஷங்களில் ஊரெங்கும் போய்விடுகிறது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து, தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிக் கருத்துக் கேட்பதை அனுமதிக்கவேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ரசிகனின் அபிப்பிராயம் பணம் முடக்குகிற சக்தி பெற்றுவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். அபிப்பிராயத்துக்குச் சக்தி வந்ததும் அதை உற்பத்தி செய்யும் தொழிலும் வந்துவிட்டது. எதிரணி நடிகரின் படத்தை, பார்க்காமலே, முதல் காட்சி முடிவதற்குள் குப்பை என்கிறார்கள். இவர்களிடம் நான் தேடுவது கோபத்தை அல்ல, இரவு வாக்கியத்தை. மைக்கை விட்டு நகர்ந்தபின் இவர்கள் தங்கள் கூட்டாளியிடம் தாழ்ந்த குரலில் எதைச் சொல்கிறார்கள்? ஒன்றும் சொல்வதில்லை என்றால், அப்போதுதான் ரசிகனுக்கு அபிப்பிராயம் கிடையாது என்ற நம் பழைய ஏளனம் மெய்யாகிறது.

6

இதுவரை எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று வரிசையில் நின்றவன் உள்ளே போனேன், படம் பார்த்தேன். நடுவில் எனக்கு அலுத்தது. அந்த அலுப்பை நான் நம்பவில்லை. பிரமாதம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், அலுப்பது என் குற்றம். வெளியே வந்தபோது அடுத்த காட்சிக்கு நின்ற வரிசையில் என்னைவிடச் சிறிய ஒரு பையன் கேட்டான்: எப்படி இருக்கு? பிரமாதம் என்றேன்.

தையற்காரரின் 'பிரமாத'மும் என் 'பிரமாத'மும் ஒன்றல்ல. அவர் களைப்பைக் கண்டார். கண்டது தனக்குள் இருக்க, வாசலில் வேறு சொன்னார். நான் கண்டதை இல்லையென்று எனக்கே சொல்லிக்கொண்டபின் வாசலில் சொன்னேன். அவரிடம் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன, இரண்டும் அவருடையவை. என்னிடம் ஒன்றுதான் இருந்தது, அது என்னுடையதல்ல.

இதைச் சிறுவனின் கதையாக விட்டுவிடலாம் என்றால், சில வருஷங்களுக்கு முன் அதே காரியத்தை நான் மறுபடி செய்தேன். நம்மில் பலருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு மூத்த கவிஞர். அவருடைய கடைசித் தொகுப்பு வந்தபோது மதிப்புரை எழுதும்படி என்னைக் கேட்டார்கள். எழுதினேன். மௌனத்தின் செறிவு, மொழியின் துறவு என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். முந்நூறு பிரதி அடிக்கும் பத்திரிகை; வாசிப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்; கவிஞரின் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்தவர்கள். நமக்கும் ஒரு வாசல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, கொடி இருக்கிறது. சூடம் கொளுத்துவதில்லை, அவ்வளவுதான். அந்தக் கவிதைகள் எனக்கு என்ன செய்தன என்று இரவில் தாழ்ந்த குரலில் ஒருவரிடமாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை. 'மௌனத்தின் செறிவு' போன்ற சொற்களின் சௌகரியம் அது. அவற்றை எழுதி முடிக்கும்போது, எழுதியவனுக்கே தன் அலுப்பு மறந்துபோகிறது.

விமர்சகனுக்கும் ரசிகனுக்கும் உள்ள வித்தியாசம் நேசமின்மை என்று இனி என்னால் சொல்ல முடியாது. நேசமில்லாமல் யாரும் எதையும் இருபது தடவை பார்ப்பதில்லை. இரவில் சொல்லும் வாக்கியத்தை வாசலில் சொல்வது, சொன்ன பிறகும் அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்பது, இரண்டும் சேர்ந்தால் விமர்சனம் என்று தோன்றுகிறது. முதலாவதை மட்டும் செய்கிறவன் வேடிக்கை பார்ப்பவன். இரண்டாவதை மட்டும் செய்கிறவன் தொண்டன். தையற்காரர் இரண்டுக்கும் தகுதி உள்ளவராக இருந்தார். வாசலுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த தூரத்தை மட்டும் அவர் கடக்கவில்லை.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். தையற்காரர் மொட்டை போட்டுக்கொண்டார், கடையைப் பல நாள் திறக்கவில்லை. அதற்கும் சில வருஷங்கள் கழித்து, ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு வாசல்ல ஏண்ணே பிரமாதம்னு சொன்னீங்க? ராத்திரி கடையில வேற சொன்னீங்களே."

அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. நான் கேட்டது நினைவில்லை. "வரிசையில நிக்கிறவன் படத்தையா தம்பி பார்க்க வந்திருக்கான்? அவரைப் பார்க்க வந்திருக்கான். அவன்கிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றார்.

அதாவது, வரிசை கேட்ட கேள்வி வேறு என்கிறார். படம் எப்படி என்று கேட்கவில்லை; அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் பொய்யாகாது, ஒருவேளை. உடம்பு சரியில்லாத வீட்டு மனிதரைப் பற்றி வெளியார் விசாரித்தால் நாமும் நன்றாக இருக்கிறார் என்றுதான் சொல்கிறோம்.

எனக்கு அந்தச் சமாதானம் கிடையாது. மதிப்புரையைப் பிரிக்கிறவன் கவிஞரின் தேக சௌக்கியத்தை விசாரிக்கவில்லை. கவிதைகள் எப்படி என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் இதுதான்: அந்தத் தொகுப்பில் கவிஞர் களைத்துத் தெரிகிறார். முன்பு ஒரு வரியில் செய்ததை இப்போது ஒரு பக்கத்தில் செய்யப் பார்க்கிறார். இருந்தும் அவருடைய முதல் இரண்டு புத்தகங்களை நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிவிட்டேன். ஆனால் தொகுப்பின் பெயரையும் கவிஞரின் பெயரையும் எழுதக் கை வரவில்லை. ஆகவே இந்தப் பக்கமும் இன்னும் தையல் கடைக்குள்தான் இருக்கிறது. வாசலுக்கு வரவில்லை.